வெளியே நின்ற குதிகால்

இசக்கிசெல்வி கண்டுபிடித்தது ஒரே செருப்பு. அதற்கு மூன்று குதிகால்கள். தட்டை, இரண்டு அங்குலம், நாலு அங்குலம். அடியில் இருக்கும் பொத்தானை அழுத்தி இழுத்தால் ஒன்று கழன்று வரும். இன்னொன்றைத் தள்ளினால் 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும். மும்பையில் ஐரோலிப் பக்கம் ஆபீஸ் வேலைக்குப் போகிற பெண்கள் ரயிலுக்கு ஒன்று, ஆபீசுக்கு ஒன்று என்று செருப்பு சுமப்பதைப் பார்த்துப் பார்த்து வந்த யோசனை. தாராவியில் தோல்பை தைக்கும் அண்ணன் மாரிசெல்வத்துக்கு அது வேப்பங்காயாகக் கசந்தது.

"ஏட்டி, குதிகால் கழண்டு வந்தா அதுக்குப் பேரு கண்டுபிடிப்பா? திங்கக்கிழமைக்குள்ள அம்பது ஜோடிக்கு ஆர்டர் கொண்டா. இல்லன்னா ஒன் குதிகால் அச்சைப் பழைய இரும்பு வாங்குத பங்கார்காரன்ட்ட தூக்கிப் போட்டுட்டு, பேசாம பைக்கு ஜிப் தை."

ஒரு துண்டுத் தோல்கூட அவன் தரவில்லை. மாதிரி ஜோடியை ரெக்சினில்தான் செய்தாள்.

மாட்டுங்காவில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் வாலாம்பாள் மாமிக்குத் திங்கட்கிழமை விடுமுறை. வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தாள். ஹாலில் தட்டையாக நடந்து போய், மாமி கண்ணெதிரே நாலு அங்குலத்துக்கு உயர்ந்து நிற்பது இசக்கிசெல்வியின் திட்டம். கீழே கட்டிட வாசலில் ஜோடியைத் தட்டைக் குதிகாலோடு மாட்டிக்கொண்டு, மற்ற குதிகால்களைப் பையில் போட்டுக்கொண்டு மூன்று மாடி ஏறினாள். மாமி கதவைத் திறந்ததும் உள்ளே போய் சோபாவில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமினாள்.

"மாமி, இப்ப என் காலைப் பாருங்க."

மாமி பார்த்தாள். வெறுங்கால்.

பிறந்ததிலிருந்து எந்த வீட்டு வாசலிலும் செய்கிற காரியத்தைக் கால்கள் அவளைக் கேட்காமலே செய்து முடித்திருந்தன. செருப்பு வெளியே சமர்த்தாகக் கிடந்தது. எடுக்க ஓடினால், மாமி பின்னாலேயே வந்து வாசலை மறித்துக்கொண்டாள்.

"செருப்போட ஆத்துக்குள்ளயா? நன்னாருக்கே!"

வேறு வழியில்லாமல் வெளியிலேயே மாமியின் காலில் மாட்டிவிட்டாள். நல்லவேளை, இருவருக்கும் ஒரே அளவு. மாமி நாலடி நடந்து பார்த்தாள். "உசரமானதைப் போட்டா எப்படி இருக்கும்னு கண்ணாடில பாக்காம ஆர்டர் தர முடியுமோ? கண்ணாடி உள்ளன்னா இருக்கு."

இசக்கிசெல்வி சட்டென்று குந்தி, தட்டைக் குதிகால்களை உருவிவிட்டு வேறு இரண்டைப் பூட்டினாள். "படியை மிதிச்சது இதுதான மாமி? இது வெளிய கெடக்கட்டும். இந்தாங்க ரெண்டு அங்குலம். இன்னும் தரையையே பாக்காத குதிகால்."

"முன்பக்கம்?" மாமி வியாபாரி, லேசில் விடமாட்டாள்.

"உங்க பில்டிங் படியை மட்டுந்தான் மிதிச்சிருக்கு. அது அசுத்தம்னு சொல்லுதியளா?"

கட்டிடத்தின் சுத்தத்துக்குப் பொறுப்பான சொசைட்டி செகரட்டரி என்று கீழே பலகையில் மாமியின் பெயரைப் படித்துவிட்டுத்தான் ஏறியிருந்தாள். மாமி வேறு பிடி தேடினாள்.

"தோலாச்சேடி?"

"ரெக்சின் மாமி!" வாழ்க்கையில் முதல் தடவையாக அண்ணனின் கஞ்சத்தனத்தைக் கும்பிட்டாள்.

மாமி எதிர்வீட்டுக் கதவைப் பார்த்தாள். மாடிப்படியை எட்டிப் பார்த்தாள். யாருமில்லை. மற்ற குதிகால்கள் இருந்த பையையும் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கையில் இரண்டு தட்டைக் குதிகால்களுடன் இசக்கிசெல்வி வெளியே நின்றாள். உள்ளே டொக் டொக். படுக்கையறை. அடுக்களை. அப்புறம் சத்தமே இல்லை. கழன்றுவிட்டதோ? மாமி விழுந்துவிட்டாளோ? போச்சு, அச்சு பங்காருக்கு, நான் ஜிப்புக்கு என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

கதவு திறந்தது. மாமி இன்னும் உயரமாக இருந்தாள். யாரும் சொல்லித்தராமல் நாலு அங்குலத்தைத் தானே மாட்டியிருந்தாள். கையில் தூசி படிந்த ஒரு சம்படம்.

"மேல் தட்டுல இருக்கறதை எடுக்க முப்பது வருஷமா அவரைக் கெஞ்சிண்டிருந்தேன்," என்றாள். உடனே கடைக்காரி ஆனாள். "வெளில போட்டுக்க ஊர்ல செருப்பா இல்லை? ஆத்துக்குள்ள போட்டுக்கத்தான் ஒருத்தரும் பண்ணலை. எழுபது ஜோடி கொண்டா."

இசக்கிசெல்விக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போலிருந்தது. "சரி மாமி, அதைக் கழட்டித் தாங்க. அண்ணன்ட்ட காட்டணும்."

"நான் கழட்டறதா இல்லை. வேணும்னா அவனை இங்க வந்து பாத்துக்கச் சொல்லு," என்றாள் மாமி. "ஆனா ஒண்ணு. செருப்பை வாசல்லயே கழட்டிட்டு வரணும்."

சொல்லிவிட்டு டொக் டொக்கென்று உள்ளே போனாள்.