வரிசையில் நின்ற தும்பை

தானாக முளைத்ததாகச் சொல்லப்பட்ட தும்பைச் செடிகளை எண்ணி முடிக்க எவலினுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு வரிசைக்கு ஒன்பது, மொத்தம் ஏழு வரிசை. செடிக்குச் செடி ஒரே இடைவெளி. ஒவ்வொரு வரிசையின் செடியும் முந்தைய வரிசையின் இரண்டு செடிகளுக்குச் சரியாக நடுவில் நின்றது. செம்பனைக் கன்று நடும்போது முக்கோணமாக அளந்து குச்சி அடிப்பார்களே, அதே அளவு முறை. காதில் பூச்சுற்ற நினைப்பவர்கள் கொஞ்சம் கோணல்மாணலாகவாவது சுற்றக் கூடாதா? பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஜெஞ்சாரோம் வரை ஒன்றே கால் மணி நேரம் கார் ஓட்டி வந்தது இதைப் பார்க்கத்தானா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாத்தீங்களா மேடம்? எல்லாம் இயற்கை. யாரும் கை வைக்கல லா" என்றார் முகுந்தன்.

முகுந்தன் குடியிருப்போர் சங்கத் தலைவர். பதினெட்டு வீட்டுக்கு ஒரு சங்கம், அதற்கொரு தலைவர், தலைவருக்குக் கழுத்தில் ஓர் அட்டை, கக்கத்தில் ஒரு கோப்பு. செம்பனைத் தோட்டத்தை விற்ற பிறகும் போக இடமில்லாமல் தொழிலாளர்களின் பழைய லயத்து வீடுகளிலேயே தங்கிவிட்டவர்கள் இவர்கள். இப்போது இந்த நிலத்தில் கிடங்கு கட்டப் போகிறார்கள். கட்டுவதற்கு முன் இங்கே என்னென்ன செடிகொடி இருக்கிறது என்று ஓர் அறிக்கை வேண்டும். அந்த வேலை எவலின் இருக்கும் நிறுவனத்துக்கு வந்திருந்தது. குறிப்பிடும்படி ஒன்றுமில்லை என்று அவள் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அடுத்த மாதமே லயத்தை இடிக்க வண்டி வந்துவிடும்.

எங்கேயோ ஓர் அரிய பூவுக்காகப் போட்ட சாலையையே வளைத்துப் போட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைப் படித்த நாளிலிருந்து முகுந்தனுக்கு மூளை சும்மா இருக்கவில்லை. போன சிவராத்திரிக்கு லயத்துக் கோயில் பூசைக்காக எல்லாரும் தேடியும் ஒரு தும்பைப்பூ கிடைக்கவில்லையாம். கிடைக்காத பூ அரிய பூதானே என்று சங்கம் கூடித் தீர்மானம் போட்டுவிட்டது. தீர்மானத்தின் நகல் கோப்பில் இருந்தது. மூன்று மொழியிலும் இருந்தது, மூன்றிலும் பிழையோடு.

எவலின் ரயில்வே வீட்டுப் பெண். அப்பா ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணி. பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். தோட்டத்து ஆட்கள் என்று பேச்சு வந்தால் அந்த வீட்டில் எல்லாருக்கும் உதடு ஒரு பக்கமாகச் சுழியும். நாற்பத்து மூன்று வயதாகியும் அந்தச் சுழிப்பு அவளை விட்டுப் போகவில்லை. போக வேண்டும் என்று அவள் நினைத்ததும் இல்லை. ஏமாற்றக்கூடத் துப்பில்லாதவர்கள் என்று இப்போது நினைத்துக்கொண்டாள்.

கையிலிருந்த டேப்லெட்டில் படிவம் பாதி நிரம்பியிருந்தது. தும்பை என்று தட்டியதும் மீதியெல்லாம் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. பரவல்: தீபகற்பம் முழுவதும். வாழிடம்: திறந்த வெளி, சாலையோரம், தோட்டங்கள். பாதுகாப்பு நிலை: கவலைக்குரியதல்ல. பதினோரு வருடமாக இதே மூன்று வரிகளை எத்தனையோ அறிக்கைகளில் போட்டாகிவிட்டது. களைக்கு எதற்கு இவ்வளவு மரியாதை, பெயரைத் தவிர வேறென்ன இருக்கிறது அதில் என்பதுதான் அவள் எண்ணம்.

"அண்ணே, இது அரிய செடி இல்ல. சும்மா களை. லிஸ்ட்ல லீஸ்ட் கன்சர்ன்னு போட்டிருக்கு."

"அப்படின்னா?"

"யாரும் கவலைப்பட வேணாம்னு அர்த்தம். மலேசியா பூரா இருக்கு. அப்புறம், களை லைன் கட்டி நிக்காது. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

முகுந்தனின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். கோப்பை இந்தக் கக்கத்திலிருந்து அந்தக் கக்கத்துக்கு மாற்றினார். பிறகு, தலைவர்கள் செய்வதையே செய்தார், பின்னால் திரும்பினார்.

"நான் அப்பவே சொன்னேனா இல்லையா புஷ்பவல்லி? கயித்தப் புடிச்சு அளக்காதன்னு?"

அதுவரை தொப்பியும் ரப்பர் பூட்சுமாக ஓரத்தில் நின்றிருந்த பெண் முன்னால் வந்தாள். ஐம்பத்தெட்டு வயது இருக்கும். கை நகங்கள் கறுத்துப் பாதி கரைந்திருந்தன. தோட்டத்தில் முதுகில் டின்னைச் சுமந்து களைக்கு மருந்து அடித்தவர்களின் நகம் அப்படித்தான் இருக்கும்.

"நடணும்னா லைன்லதானே மேடம் நடுவோம். எனக்கு வேற மாதிரி வராது" என்றாள். மன்னிப்புக் கேட்கிற குரலாகவும் இல்லை.

"எங்கிருந்து புடுங்கிட்டு வந்தீங்க?"

மோசடி என்று ஒரு வரி எழுதுவதற்காகத்தான் எவலின் கேட்டாள். எழுத விரலும் தயாராக இருந்தது.

"மொதல்ல இங்கயே தேடினேன், ஒண்ணு இல்ல. இங்க இருக்காது, நான்தானே முப்பது வருஷமா மருந்தடிச்சேன். பந்திங் போனேன், இல்ல. காஜாங்ல ஸ்டேஷன் பின்னால முன்ன கொத்துக் கொத்தா கெடக்கும், இப்பப் பூரா சிமெண்ட். கிள்ளான்ல தண்டவாளத்து ஓரமா இருவத்தொண்ணு கெடச்சிச்சு. காப்பார்ல பழைய இடுகாட்டுப் பக்கம் முப்பத்தெட்டு. உங்க பிரிக்பீல்ட்ஸ்ல பழைய குவார்ட்டர்ஸ் பின்னால லோங்காங் ஓரம் நாலு. ரெண்டு மாசம் பஸ்ஸு, கொமுட்டர் ரயிலுன்னு அலஞ்சேன் மேடம். அறுவத்து மூணுதான்."

"அங்க மிச்சம் எவ்வளவு விட்டுட்டு வந்தீங்க?"

"எதுக்கு விடணும்? இருந்த எல்லாத்தையும் மண்ணோட எடுத்துட்டேன். விட்டா நாளைக்கு அதுக்கும் எவனாச்சும் மருந்தடிப்பான்."

எவலினின் விரல் நின்றுவிட்டது. தீபகற்பம் முழுவதும் என்ற சொற்கள் திரையில் கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தன. யார் போய்ப் பார்த்தார்கள்? முப்பது நாற்பது வருடத்துக்கு முன் யாரோ ஒரு மனிதர் நடந்து பார்த்து எழுதியிருப்பார். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் அவரைப் பார்த்து எழுதியவர்கள். பழைய குவார்ட்டர்ஸ் அவள் அலுவலகத்திலிருந்து பத்து நிமிட நடை. அந்த லோங்காங் சாக்கடையைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனாள், இன்றும் அதைத் தாண்டித்தான் மதியம் சாப்பிடப் போகிறாள். அங்கே நாலு செடி இருந்தது அவளுக்குத் தெரியாது, இப்போது இல்லாததும் தெரியாது. களைக்கு மருந்தடித்த ஒருத்தி பஸ் ஏறிப் போய் எண்ணியிருக்கிறாள். படித்தவள் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து பழைய வரிகளை எடுத்து ஒட்டியிருக்கிறாள். மற்றவர்கள் மேல் சுழிக்கிற உதடு இப்போது தன் மேலேயே சுழிப்பதை எவலின் உணர்ந்தாள். நன்றாக வேண்டும் உனக்கு என்று இருந்தது.

அதைவிட மோசமான இன்னொன்று மெல்லத்தான் உறைத்தது. இந்த முட்டாள் ஜனம் பொய்க்காக நட்டது பொய்யாகவே இல்லை. இவள் போய்த் தேடிய ஊர்களில் எல்லாம் மீதமிருந்த தும்பை, இந்த ஏழு வரிசைதான். அவள் கையெழுத்துப் போட்டால் பதினெட்டு வீட்டோடு இதுவும் போகும். போட மறுத்தால், வரிசையில் நிற்கும் செடியைப் படம் பிடித்து அலுவலகமே சிரிக்கும், வேறொருத்தி வந்து போடுவாள்.

"அண்ணே, அக்கா எந்தத் தேதில எங்க எத்தன எடுத்தாங்கன்னு எங்கயாச்சும் எழுதி வச்சிருக்கீங்களா?" என்று முகுந்தனிடம் கேட்டாள்.

"எழுதல மேடம். தீர்மானம்தான் இருக்கு" என்று அவர் கோப்பைப் பிரித்தார். பிரிப்பார், அதுதானே அவருக்குத் தெரிந்தது.

மண் கிழிபடும் சத்தம் கேட்டு எவலின் திரும்பினாள். புஷ்பவல்லி முதல் வரிசையின் முன் குந்தியிருந்தாள். இரண்டு செடிகளை அதற்குள் பிடுங்கிப் பக்கத்தில் போட்டிருந்தாள்.

"அக்கா, என்ன பண்றீங்க! வேர் அறுந்துடும்!"

"வேரப் பத்தி எனக்கா சொல்றீங்க?" என்றாள் அவள் நிமிராமல். "லைன்ல இருந்தா பொய்னு சொன்னீங்கல்ல. கலச்சு வச்சுடறேன்."

கொஞ்சம் தள்ளி ஒரு குழி தோண்டினாள். நின்று பார்த்தாள். அடுத்த குழியைத் தோண்டும்போது அவளை அறியாமல் ஒரு கை முழத்தை அளந்தது. தன் கையைத் தானே பார்த்து, சீ என்று உதறினாள். மூன்றாவது செடியைப் பிடுங்கிக்கொண்டு எழுந்து எவலினிடம் வந்தாள். அந்த முகத்தில் கெஞ்சல் இல்லை. வேலை கேட்டுச் செய்கிறவளின் பொறுமை மட்டும் இருந்தது.

"தானா மொளச்சா எப்படி நிக்கும் மேடம்? நீங்க படிச்சவங்க. காட்டுங்க, அப்படியே வச்சுடறேன்."

எவலின் தும்பையைப் பார்த்ததெல்லாம் காகிதத்தில்தான். நசுக்கிக் காயவைத்து ஒட்டியது, ஒரு தாளுக்கு ஒன்று. பக்கத்துச் செடி எவ்வளவு தூரத்தில் நின்றது என்று எந்தத் தாளிலும் யாரும் எழுதவில்லை. அவள் நிலத்தைப் பார்த்தாள். இங்கே என்று காட்ட ஓரிடம்கூட அவளுக்குப் புலப்படவில்லை. புஷ்பவல்லி நீட்டிய கையை மடக்காமல் நின்றிருந்தாள். வெள்ளைப் பூ அவள் மணிக்கட்டின் மேல் சாய்ந்திருந்தது. வேரிலிருந்த மண் காய்ந்து, பொடிப்பொடியாக அவளுடைய பூட்சின் மேல் உதிர்ந்துகொண்டிருந்தது.