வரப்பில் விட்டுவைத்த தாத்தாப்பூ

மழை விட்டு, உப்பளத்தில் பாத்தியை மிதித்துக் கெட்டியாக்குகிற நாட்களில் வரப்பெல்லாம் தாத்தாப்பூ மஞ்சளாக நிற்கும். பூ முற்றிப் பஞ்சாகிப் பறந்தால் உப்பில் ஒட்டிக்கொள்ளும். வியாபாரி முகம் சுளிப்பார். அதனால் உப்பு பூக்கும் முன்பே வரப்பை மழித்துவிட வேண்டும் என்பது மேஸ்திரி சேட்டுவின் சட்டம்.

பொன்னி மட்டும் மதியத்தில் குடிதண்ணீர் டிரம் பக்கம் உட்கார்ந்து, ஒரு பூவைப் பறித்து, சின்னப் பிள்ளை மாதிரி 'தாத்தா தாத்தா தலையைக் குடு' என்று கட்டைவிரலால் சுண்டுவாள். தலை தெறித்து விழுந்தால் அப்படியொரு சிரிப்பு. புருஷன் செத்த பிறகு அவள் மறுபடி சிரிக்கப் பழகியதே இந்த அளத்தில்தான். எனக்கு அது பிடிக்கும்.

அளத்துக்குத் தண்ணீர் இறைக்கிற எஞ்சினை ஓட்டும் தமிழரசனுக்கும் பிடித்திருக்கிறது. அவரும் தனியாள். பொன்னியைக் கட்டிக்கொள்ள ஆசை என்று பொங்கல் கழித்து என்னிடம் சொன்னார். எஞ்சினையே அதட்டுகிற மனுஷன், இதைச் சொல்வதற்குள் வேர்த்துக் கொட்டிவிட்டார். நான் போய்க் கேட்டதற்குப் பொன்னி முடியாதென்றும் சொல்லவில்லை, சரியென்றும் சொல்லவில்லை.

"நான் இப்ப நல்லாத்தான் இருக்கேன், பாஞ்சாலைக்கா. என்னை இப்படியே இருக்க வுடுவாரா?" என்றாள்.

இதற்கு நான் எப்படி உத்தரவாதம் கொடுப்பது? அவள் கேட்டதை அப்படியே அவரிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

நேற்று வரப்பை மழிக்கிற வேலை தமிழரசன் தலையில் விழுந்தது. இன்று காலையில் போய்ப் பார்த்தால் வரப்பு முழுக்க மொட்டை. டிரம்மடியில் மட்டும், ஓர் ஆள் உட்காரும் இடத்தைச் சுற்றி, பூ அப்படியே நிற்கிறது. மேஸ்திரி காட்டுக் கத்தல் கத்தினார்.

"இருந்துட்டுப் போவட்டும்பா. உப்புல வுழாம நான் பாத்துக்கறேன்," என்றார் தமிழரசன்.

எப்படிப் பார்த்துக்கொள்வார்? ஒவ்வொரு பஞ்சாகத் துரத்துவாரா? எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பொன்னி மட்டும் சிரிக்கவில்லை.

மதியம் அவள் அங்கேதான் உட்கார்ந்து சாப்பிட்டாள். பூவைச் சுண்டவில்லை. டிபன் மூடியைக் கழுவித் துடைத்து, பஞ்சாகிப்போன தலைகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கிள்ளி அதில் போட்டாள். மஞ்சளைத் தொடவில்லை. பிறகு எஞ்சின் கொட்டகைப் பக்கம் திரும்பி, என்னை நடுவில் வைக்காமல் அவளே கூப்பிட்டாள்.

"ஏங்க, இங்க வாங்க. காத்தடிக்குது, இத கொஞ்சம் மூடிப் புடிங்க."

தமிழரசன் வந்து மூடியை வாங்கி, அதன்மேல் கிரீஸ் கையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்கால் நிரம்பி வழிந்து எங்கள் காலை நனைத்தது. மேஸ்திரி எங்கிருந்தோ கத்தினார். பொன்னி அடுத்த தலையைக் கிள்ளினாள். அவர் கையைக் கொஞ்சமாகத் தூக்கி, அதை உள்ளே வாங்கி, மறுபடி மூடிக்கொண்டார்.