மணி இல்லாத பள்ளியும் ஓர் இருமலும்

1

இந்தக் கதை என் வீட்டு அடுப்படியிலிருந்து திருடியது. என் மனைவி ஒரு பள்ளியின் தலைமையாசிரியை. நான் வீட்டிலிருந்தே எழுதுகிறவன். அதாவது, அவள் சொல்வதைக் கேட்டுவிட்டு என் சொந்தச் சரக்கு போல விற்கிறவன். "எதை வேணும்னாலும் எழுதுங்க, என்னை மட்டும் இழுக்காதீங்க" என்பது அவள் போட்ட ஒரே நிபந்தனை. இந்தப் பத்தியிலேயே அதை மீறியாயிற்று.

2

முதல் தொடக்கம்: வேலை உலகம் தலைகீழாக மாறிவிட்டது, பள்ளிகளோ இன்னும்

(கட்டுரைக்காரன் உள்ளே புகுந்துவிட்டான். துரத்திவிட்டேன்.)

இரண்டாவது தொடக்கம்: பள்ளியில் மணி நின்றது.

இது பரவாயில்லை. வேலை கொடுக்கும் நிறுவனங்களுக்கு ஒரே புகார்தான். வருகிற பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், ஆனால் யாராவது சொன்னால்தான் அசைகிறார்கள். வருடக்கணக்காக மணிக்கு எழுந்து மணிக்கு உட்கார்ந்தவர்கள் வேறெப்படி இருப்பார்கள் என்று என் மனைவி யோசித்தாள். ஒரு பருவத்துக்கு மணியை நிறுத்திப் பார்க்க மேலிடத்தில் அனுமதி வாங்கினாள். வகுப்புக்கு வகுப்பு கடிகாரம் இருக்கிறது. நேரமானால் பிள்ளைகளே எழுந்து போகட்டும்.

3

முதல் நாள் சாப்பாட்டு நேரத்தில் உணவுக்கூடம் காலியாகக் கிடந்தது. அவள் எட்டாம் வகுப்புக்கு ஓடினாள். கணக்கு வாத்தியார் மணி அடிக்கும்வரை பாடம் நடத்துகிறவர். அடிக்காததால் நடத்திக்கொண்டே இருந்தார். பிள்ளைகள் பசியோடு கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

"மணி பாக்கத் தெரியும்ல? ஏன் எழுந்திருக்கல?"

"யாரும் சொல்லலையே டீச்சர்" என்றாள் வாயாடி என்று பெயரெடுத்த ஒரு பெண்.

(வாத்தியாரைக் கோமாளியாக்கிவிட்டேனோ என்று எனக்குச் சந்தேகம். "நீங்களாவது நிறுத்தியிருக்கலாமே சார்" என்று என் மனைவி கேட்டதற்கு, "எனக்கும் யாரும் சொல்லலையே மேடம்" என்றாராம். நான் என்ன செய்ய?)

4

பருவம் முடியப்போகிறது. இப்போதும் சில நாள் பிள்ளைகள் எழுகிறார்கள், சில நாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நாளை அதிகாரிகளும் நிறுவனக்காரர்களும் எட்டாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் வந்து உட்காரப்போகிறார்கள். பிள்ளைகள் தாமாக எழாவிட்டால் மணி திரும்பி வரும்; அவள் பதவி வேறொருவருக்குப் போகும்.

இன்று மாலை அடுப்படியில் அவள் இருமினாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். இரண்டும் அளவெடுத்துத் தைத்தாற்போல் ஒரே மாதிரி இருந்தன. வெந்நீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"தொண்டை சரியில்லையா?"

"தொண்டைக்கு ஒண்ணும் இல்ல." டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நாளைக்கு நான் கதவுகிட்ட நிப்பேன். இருமினா எழுந்திருங்கன்னு பசங்ககிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

"அதுவும் மணிதானே?"

"தெரியாமயா சொல்றேன்? அந்த வாயாடி கேட்டா, நீங்க இருமலைன்னா என்ன பண்றது டீச்சர்னு."

எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கதை கிடைத்த சந்தோஷமும் கூடவே இருந்தது. எழுதுகிறவன் புத்தி அப்படி.

5

முடிவு அ: அவள் இருமுகிறாள். எல்லோரும் எழுகிறார்கள். கைதட்டல். பதவி தப்புகிறது. அன்றிலிருந்து வீட்டில் யார் இருமினாலும் அவள் திடுக்கிட்டுத் திரும்புகிறாள்.

முடிவு ஆ: அவள் இருமவில்லை. வாயாடி எழுகிறாள், பின்னாலேயே மொத்த வகுப்பும். (சர்க்கரை தூக்கல்.)

முடிவு இ: அவள் இருமவில்லை. யாரும் எழ

"நிறுத்துங்க."

முதுகுக்குப் பின்னால் நின்று படித்திருக்கிறாள்.

"சரி, நீயே சொல்லு. இருமப்போறியா?"

"எனக்கே தெரியல. நீங்க எழுதிட்டீங்கன்னா அப்படியே பண்ணிடுவேன். எழுதாதீங்க."

அதனால் எழுதவில்லை. இதன் கீழே 'முற்றும்' என்றும் போடப்போவதில்லை. உங்கள் வீட்டுச் சுவரிலும் ஒரு கடிகாரம் இருக்கும். எழுந்து போகலாமா என்று என் முகத்தைப் பார்க்காதீர்கள். நான் இரும மாட்டேன்.