கதவுக்குப் பின்னாலிருந்த சுவர்

ஒட்டுசுட்டானில் கௌசலாவின் வீடு படைமுகாமுக்குள் அகப்பட்டுப் பதினைந்து வருடம். வீடு புகுந்து சண்டை பிடிக்க விசேட படைக்காரர் அங்கேதான் பழகினார்கள். வேலிக்கு இப்பால் தகரக் கொட்டிலில் இருந்தவளுக்குக் கதவு உடைபடுவதும் வெடிச்சத்தமும் அன்றாடம் கேட்கும். ஒவ்வொரு வெடிக்கும் அவளுக்குச் சின்னறைச் சுவர்தான் நினைவுக்கு வரும்.

பொங்கலுக்குப் பொங்கல் மகன் நிஷாந்தனைப் புதுச்சட்டையோடு அந்தச் சுவரில் சாய்த்து நிறுத்தி, தலைமட்டத்தில் ஆணியால் கோடு கீறுவாள். ஆறு கோடு. ஏழாவது பொங்கலுக்கு முன்னமே செல் குண்டு விழுந்து பிள்ளை போய்விட்டான். படங்கள் இருந்த பையும் இடம்பெயர்வில் தொலைந்தது. பாவி மனுசிக்கு மிச்சம் அந்தக் கோடுகள்தான்.

படை காணியைத் திருப்பி விடுகிற அன்று கிராம அலுவலர் சின்னராசாவோடு போனாள். பயிற்சி கொடுத்த சார்ஜன்ட் பந்துல வாசலில் நின்றார். ஒரு கதவுகூட இல்லை, வெறும் நிலைகள். கூடத்துச் சுவர் அம்மை கண்ட முகம்போலக் கிடந்தது. மனுசன் சங்கடத்தில் தனக்குத் தெரிந்த தமிழில் விளக்கத் தொடங்கினார்.

“நாலு பேர் அம்மா. முன்னால ஆள் தோளில கை. உள்ள வந்தா ஆளுக்கு ஒரு மூலை. கதவு தட்டுறது இல்ல, உதைக்கிறது. சுடுற அட்டையில பொம்பிளைப் படம் இருந்தா சுடக்கூடாது.”

“என்ர சுவரையும் சுடக்கூடாதெண்டு ஒருத்தரும் படிப்பிக்கேல்லையோ?”

“மெல்லக் கதையுங்கோ அக்கா” என்று சின்னராசா கையைப் பிசைந்தார்.

அவள் கேட்டால்தானே! விறுவிறென்று சின்னறைக்குள் போனாள். கோடுகள் இருந்த இடத்தில் தடித்த பலகை அறைந்திருந்தது, முழுக்க அடிபட்ட தழும்பு. “ஐயோ, எல்லாம் போச்சே!” என்று நிலத்தில் இருந்துவிட்டாள்.

பந்துல அலவாங்குக் கம்பியால் பலகையை நெம்பினார். பின்னால் சுவர் ஒரு சேதமும் இல்லாமல் இருந்தது. ஆறு கோடும் இருந்தன.

“உதைச்சா கதவு இதில வந்து அடிக்கும். சின்னப் பிள்ளை கோடு எண்டு முந்தின சார்ஜன்ட் பலகை போட்டது. உடைஞ்சா நான் மாத்தினது.”

கௌசலா எழுந்து ஆறாவது கோட்டில் கை வைத்தாள். அது அவளுடைய நெஞ்சுமட்டம். “இவ்வளவுதான் வளந்தவன்” என்று வாய்விட்டு அழுதாள். வெளியே நழுவப்போன பந்துலவை மறித்தாள்.

“தம்பி, பொங்கலுக்கு வாங்கோ. ஆனா தட்டிப்போட்டு வாங்கோ.”

பொங்கலன்றும் வீட்டுக்குக் கதவு போட்டாகவில்லை. பந்துல வெறும் நிலையில் மெல்லத் தட்டிவிட்டு, உள்ளேயிருந்து “வாங்கோ” என்று குரல் வரும்வரை முற்றத்தில் நின்றார்.