ஒரே குடையில ஒரு தொல்லை

ஆபீஸ்ல எனக்கு "மிளகா"ன்னு பேரு. நேர்ல யாரும் சொல்ல மாட்டாங்க, முதுகுக்குப் பின்னாடிதான். எனக்குத் தெரியாதுன்னு அவங்களுக்கு நினைப்பு. தெரிஞ்சு எத்தனையோ காலம் ஆச்சு, போனா போகுதுன்னு விட்டுட்டேன். நாள் பூரா மத்தவங்க புலம்பறதைப் படிக்கிறதுதான் என் வேலை. அதைப் பண்ணிக்கிட்டு ஒருத்தி சர்க்கரையா இனிச்சாத்தான் அதிசயம்.

எங்க கம்பெனி வீடியோ கேம் பண்ணுது. விளையாடினவங்க எழுதுற கருத்துகளை ஒண்ணுவிடாமப் படிச்சு, பாராட்டு, குறை, தொல்லைன்னு பெட்டி பெட்டியாப் பிரிக்கிறது நான். பெட்டின்னா நிஜப் பெட்டி இல்ல, கம்ப்யூட்டர்லதான். குறைன்னா எங்கேயோ ரிப்பேர், சரி பண்ணணும். தொல்லைன்னா ரிப்பேர் ஒண்ணும் இல்ல, ஆளுங்களுக்குப் பிடிக்கல. தொல்லைப் பெட்டி ரொம்பிடுச்சுன்னா அந்த விஷயத்தைக் கேம்லேர்ந்து தூக்கிடுவாங்க.

இப்ப வந்திருக்கிற கேம் பேரு "ஒரே குடை". ஒரு அக்கா, ஒரு தம்பி. எங்க பார்த்தாலும் மழை, வெள்ளம். ரெண்டு பேரும் ஒரு குடையைப் பிடிச்சுக்கிட்டு மேட்டு நிலம் தேடி நடக்குறாங்க. நாம அக்காவா ஆடலாம், இல்ல தம்பியா ஆடலாம். இன்னொருத்தரைக் கேமே நடத்திக்கும். வழி நெடுக நம்மகிட்டதான் கேள்வி. குடை யார் பக்கம் சாயணும், மிச்சம் இருக்கிற ரொட்டி யாருக்கு, கடைசியில படகுல ஒரே ஒரு இடம், அதுல யாரு ஏறுறது.

கருத்தாக் கொட்டினாங்க. "அழுதுட்டேன், ஆட்டம் முடிஞ்சதும் தங்கச்சிக்குப் போன் பண்ணினேன்." பாராட்டு. "படகுல தம்பியை ஏத்தி விட்டா அவன் திரும்பிக்கூடப் பார்க்கல, நன்றி கெட்ட பய." ஏம்ப்பா, அவன் பார்த்திருந்தா உனக்கு மெடலா குத்தியிருப்பாங்க? ஆனா இவ்வளவு கோவப்பட்டிருக்காருன்னா மனசுல பட்டிருக்குன்னுதானே அர்த்தம். அதுவும் பாராட்டு. "தம்பி சொன்ன உடனே தண்ணி கொண்டு வர்றான், இதை மட்டும் நம்பவே முடியல." இதை எழுதினது கண்டிப்பா ஏதோ ஒரு அக்காதான். படிச்சுட்டு நான் தனியா உட்காந்து சிரிச்சேன்.

தொல்லைப் பெட்டி ரொம்பினது ஒரே ஒரு விஷயத்தால. அக்காவா ஆடும்போது நாம எதையும் அழுத்தாம சும்மா இருந்தோம்னா, தம்பி நின்னு திரும்பிப் பார்த்து "அக்கா"ன்னு கூப்பிடுவான். அப்பவும் சும்மா இருந்தா மறுபடி கூப்பிடுவான். "அக்கா, வா." நாம வர்ற வரைக்கும் விட மாட்டான். தம்பியா ஆடுறவங்களுக்கு அக்காகிட்ட திட்டு. "எங்கடா போய்த் தொலைஞ்ச?"

"டீ போடப் போக முடியல, ஒரே நச்சரிப்பு." "கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு." "அந்தப் பொடியன் வாயை யாராவது அடைங்கப்பா." இப்படியே வந்துக்கிட்டு இருந்துச்சு. படிக்கப் படிக்க எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஆனா என் வேலையில பொய்யிங்கிறது கிடையாது. தொல்லைன்னு எழுதினா தொல்லைப் பெட்டிதான். பல்லைக் கடிச்சுக்கிட்டு ஒவ்வொண்ணாப் போட்டேன்.

எனக்கு ஏன் பத்திக்கிட்டு வரணும்? சொல்லிடுறேன். வீட்டுக்குப் போய் பையை இறக்கி வச்சதும் நான் பண்ற முதல் வேலை அந்தக் கேமைப் போடுறதுதான். ஆடுறதுக்கில்ல, கையிலகூட எடுக்க மாட்டேன். போட்டு விட்டுட்டு சமையலறைக்குப் போயிடுவேன். வெங்காயம் உரிப்பேன், துணி மடிப்பேன். ஹால்லேர்ந்து "அக்கா"ன்னு வரும். "இருடா, வரேன்"னு இங்கேர்ந்து கத்துவேன். கொஞ்சம் கழிச்சு மறுபடி "அக்கா". "உனக்கு வேற பொழப்பே இல்லையாடா?" சிரிப்பா இருக்கா? இருக்கட்டும். ரெண்டு ரூம் வீட்டுல ஒத்தை ஆளா இருந்து பாருங்க, அப்புறம் சிரிங்க. இந்தக் கேம் வர்றதுக்கு முன்னாடி வெள்ளிக்கிழமை வாயை மூடினேன்னா திங்கக்கிழமை ஆபீஸ்லதான் திறப்பேன்.

எனக்கு நிஜமாவே ஒரு தம்பி இருக்கான். வேற ஊர்ல லிஃப்ட் மெக்கானிக். எங்களுக்குள்ள சண்டை ஒண்ணும் இல்ல. சண்டை இருந்தாலாவது ஒரு நாள் சமாதானம் ஆகித் தொலைக்கலாம். அம்மா போனதுக்கு அப்புறம், பேசறதுக்கு ஒரு காரணம் வேணும்னு ஆயிடுச்சு, அந்தக் காரணம்தான் கிடைக்கவே இல்ல. நான் போன் போடுவேன், அடிக்கும், எடுக்க மாட்டான். சாயங்காலமா ஒரு கட்டைவிரல் படம் அனுப்புவான். கட்டைவிரலோட என்னத்தைப் பேசறது? எனக்கும் ரோஷம் இருக்கு. எடுக்காதவனை இன்னொரு தடவை கூப்பிட மாட்டேன். இப்படியே வருஷம் ஓடிப்போச்சு.

ஒரு நாள் சின்ன பாஸ் என் மேஜைகிட்ட வந்து நின்னாரு. வயசுல என்னைவிடச் சின்னவரு, பதவியில பெரியவரு. அதனால என்னைப் பார்த்தா அவருக்கு எப்பவும் கொஞ்சம் உதறல்.

"மேடம், தொல்லைப் பெட்டி ரொம்பி வழியுது. அந்தக் கூப்பிடுற குரலைத் தூக்கிடலாம்னு இருக்கோம். நாளைக்கு மீட்டிங்ல உங்க ரிப்போர்ட்டைப் படிச்சிடுங்க, முடிவு பண்ணிடலாம்."

சரிங்கன்னேன்.

எங்க ஆபீஸ்ல ஒரு பழக்கம் உண்டு. ரிப்போர்ட் படிக்கிறவங்க கணக்கைச் சொல்றதுக்கு முன்னாடி, ஒரே ஒரு கருத்தை முழுசா, வாய்விட்டுப் படிக்கணும். எதைன்னு அவங்கவங்க இஷ்டம். நம்பருக்குப் பின்னாடி மனுஷங்க இருக்காங்கன்னு மறந்துடக் கூடாதாம். வழக்கமா நான் கண்ணுல பட்டதைப் படிச்சுட்டு உட்காந்துடுவேன். அன்னைக்கு மட்டும் சாப்பிடக்கூடப் போகாமத் தேடினேன். குரல் வேணும்னு சொல்ற ஒரு ஜீவனாவது இருக்காதா?

இருந்துச்சு. எழுதினவங்க பேரு இல்ல.

"நான் தம்பியா ஆடுறேன். ஆடுறேன்னுகூடச் சொல்லக் கூடாது. வேலைக்குப் போயிட்டு வந்து போட்டு விட்டுட்டுக் குளிக்கப் போயிடுவேன். அக்கா திட்டுவா. முதல் ரெண்டு தடவைக்கு அசைய மாட்டேன், அது சும்மா வேலை வாங்கக் கூப்பிடுறது. மூணாவது தடவையும் கூப்பிட்டாத்தான் நிஜமாவே என்னைத் தேடுறான்னு அர்த்தம். அப்ப ஈரத் துண்டோட ஓடி வருவேன். தயவுசெஞ்சு அவளை எடுத்துடாதீங்க."

இது என் தம்பி. வேற யாரு? சின்ன வயசுல அவன் இதே கதைதான். தொண்டை கிழியக் கத்துவேன், கட்டிலுக்கு அடியில கல்லு மாதிரிக் கிடப்பான். மூணாவது தடவைக்குத்தான் தலையை நீட்டி "என்னக்கா?"ம்பான். ஏன்டா இப்படின்னு கேட்டா, "முதல் ரெண்டும் கடைக்கு அனுப்ப, மூணாவதுதான் எனக்கு"ம்பான். அதுக்காகவே அவன் காதை நான் எத்தனை தடவை திருகியிருக்கேன்.

மறுநாள் மீட்டிங்ல அதைப் படிச்சேன். நடுவுல குரல் உடைஞ்சுது, இருமுற மாதிரி சமாளிச்சேன். அப்புறம் கணக்கைச் சொன்னேன். கணக்கு கணக்குதானே, அதுல நான் கை வைக்கல.

"மனசைத் தொடுது மேடம்"னாரு சின்ன பாஸ். "ஒண்ணு பண்ணலாம். முழுசாத் தூக்க வேணாம். ஒரு ஸ்விட்ச் வச்சிடலாம். குரல் வேணுங்கிறவங்க போட்டுக்கட்டும்."

எல்லாரும் ஆகா ஓகோன்னு தலையாட்டினாங்க. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"என்னைக் கூப்பிடுன்னு நானே ஸ்விட்சைப் போட்டுட்டு, அப்புறம் அது கூப்பிட்டா, அதுக்குப் பேரு கூப்பிடுறதா?"

"புரியல மேடம்."

"புரியலன்னா விடுங்க"ன்னு பேப்பரை மடிச்சேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுல கேமைப் போட்டதும் திரையில கேட்டுச்சு, புதுசா மாத்திக்கிறீங்களா, இல்ல நாளைக்கா? நாளைக்குன்னு அழுத்தினேன். நாளைக்கு அதுவா ஸ்விட்ச் வச்ச கேமா மாறிடும், என்னைக் கேக்காது. இன்னைக்கு ஒரு சாயங்காலம்தான் மிச்சம். சமையலறையில போய் நின்னேன். அடுப்பைப் பத்த வைக்கத் தோணல. ஹால்லேர்ந்து "அக்கா"ன்னான்.

போனை எடுத்தேன். தம்பிக்கு அடிச்சேன். எடுக்கல. மறுபடி அடிச்சேன். அடிச்சு அடிச்சு நின்னுச்சு. ரோஷம் மூக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு, போடா நீயும் உன் கட்டைவிரலும்னு போனை மேஜையில வச்சேன். வச்ச கையாலேயே திரும்ப எடுத்தேன்.

மூணாவது தடவை எடுத்தான்.

"அக்கா? என்னக்கா, யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஏன்டா, போனை எடுத்தா கொறைஞ்சா போயிடுவ?"

"கையெல்லாம் கிரீஸுக்கா, இப்பத்தான் லிஃப்டை விட்டு இறங்கினேன். நீ ஒரு தடவைக்கு மேல அடிக்க மாட்டியே, பயந்தே போயிட்டேன்."

"சரி சரி. அந்தக் கருத்தை எழுதினது நீதானே? மூணாவது தடவை, ஈரத் துண்டுன்னு."

"எந்தக் கருத்து?"

"ஒரே குடை. கேம்டா."

"எனக்கு ஏதுக்கா கேமெல்லாம்? வீட்டுல டிவியே ரிப்பேராக் கிடக்கு."

அவன் இல்ல. அது வேற யாரோ, வேற எந்த வீட்டுலயோ. நாளையிலேர்ந்து அந்த ஆளும் ஸ்விட்சைப் போட்டுத்தான் திட்டு வாங்கணும். தம்பிக்கு வேலை இருக்கும், எனக்குச் சொல்றதுக்கும் ஒண்ணும் இல்ல. வச்சிடுறேன்டான்னு சொல்ல வாயெடுத்தேன்.

அப்ப ஹால்லேர்ந்து, "அக்கா"ன்னு வந்துச்சு.

தம்பி காதுலயும் அது விழுந்துடுச்சு. உடனே கேட்டான்.

"யாருக்கா அது?"

"எது?"

"உன்னை அக்கான்னு ஒரு பையன் கூப்பிடுறானே. வீட்டுல யாரு இருக்கா?"

டிவின்னு சொல்லியிருக்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைன்னு சொல்லியிருக்கலாம். என் வாய் இருக்கே.

"நீதான் கூப்பிடறதில்லையே. அதான் ஆள் வச்சிருக்கேன்."

சிரிச்சான். நான் சிரிக்கல. அவன் சிரிப்பு பாதியில நின்னு போச்சு. எதையோ துணியில தேய்ச்சுத் துடைக்கிற சத்தம் கேட்டுச்சு. கையா இருக்கும்.

"அக்கா, வா"ன்னு ஹால்ல மறுபடி.

"இருடா, வரேன்"னு பழக்கத்துல கத்திட்டேன்.

"இருக்கேன்க்கா"ன்னான் தம்பி. "நீ மெதுவா வா."