பேண்டு மாஸ்டரோடது

மத்த பொம்பளைங்க புடவை சேர்ப்பாங்க, நான் பட்டாளத்து உடுப்பு சேர்க்கிறேன். இதுல சிரிக்க ஒண்ணும் இல்ல. பல் டாக்டர் கிளினிக் வாசல்ல உக்காந்து நாள் முழுக்க "அடுத்தவங்க வாங்க"ன்னு கத்துறவளுக்கு வீட்டுக்கு வந்தா ஒரு சந்தோஷம் வேண்டாமா? முன்னறையில கண்ணாடி அலமாரி வச்சிருக்கேன். யாரோடதுன்னு கண்டுபிடிக்காம ஒரு உடுப்பையும் அதுல மாட்ட மாட்டேன். அது என் பிடிவாதம். எங்க வீட்டுக்காரர் அந்த அலமாரிக்கு வச்ச பேரு "செத்தவங்க ஹாஸ்டல்".

நடு இடத்தை மட்டும் காலியா விட்டிருந்தேன். பழைய சாமான் கடையில இந்தப் பட்டாளத்துக் கோட்டைப் பார்த்ததும் அந்த இடம் இதுக்குத்தான்னு மனசுல விழுந்துடுச்சு. கருநீலத் துணி, கழுத்துல ஜரிகை, பித்தளை பட்டன் ஒண்ணுகூடக் கழண்டு போகல. ஒரே குறை, வலது அக்குள்ல கிழிஞ்சு கிழிஞ்சு தைச்சிருந்தது. இடது பக்கம் புதுசு மாதிரியே இருந்துச்சு. வாள் சண்டைதான்னு முடிவு பண்ணிட்டேன். "பஸ்ல கம்பியைப் பிடிச்சுட்டு நின்னிருப்பாரு"ன்னாரு வீட்டுக்காரர். அன்னிக்கு முழுக்க அவரோட நான் பேசல.

கோட்டை வித்த பழைய சாமான் கடைக்காரருக்கு போன் போட்டு, யாரோடதுன்னு கேட்டேன். அங்க யாரோ பீரோவைத் தரையில இழுத்துட்டு இருந்தாங்க. அந்தச் சத்தத்துல "பேண்டு மாஸ்டரோடதும்மா"ன்னு கத்திட்டு வச்சுட்டாரு.

சரி, கோட்டு மட்டும் கடைக்கு வந்துடுச்சு, பேண்டு ஏதோ தையல் மாஸ்டர்கிட்ட தங்கிடுச்சுன்னு நான் புரிஞ்சுக்கிட்டேன். அதைத் தைக்கக் கொடுத்த ஆளு யாருன்னு அந்த மாஸ்டருக்குத் தெரியாமலா போகும்? லீவு கிடைச்சப்பல்லாம் கிளம்பிட்டேன். தையல் கடை ஒண்ணு பாக்கி இல்ல. "மாஸ்டர், உங்ககிட்ட ஒரு பட்டாளத்துப் பேண்டு இருக்கா?" ஒருத்தர் மெஷினை நிறுத்திட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாரு. "என்கிட்ட இருக்கிற பேண்டை நான் போட்டிருக்கேன், தாயி"ன்னாரு.

கால் வலி பொறுக்காம கடைக்காரர்கிட்டயே சண்டைக்குப் போனேன். "எந்த மாஸ்டர்னு ஒழுங்கா சொல்லக் கூடாதா? பேண்டைத் தேடித் தேடி என் செருப்பே தேய்ஞ்சு போச்சு."

அவர் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சாரு. "ஐயோ அம்மா, கால்ல போடுற பேண்டு இல்ல. ஊதுறது, தட்டுறது, அந்த பேண்டு. பட்டாளத்து பேண்டு மாஸ்டர்." சிரிச்சு முடிச்சுட்டு, தபால் ஆபீஸ் பக்கத்து மாடிவீட்டு அம்மாதான் கோட்டைக் கொண்டாந்து கொடுத்துட்டு, திரும்பிக்கூடப் பார்க்காம போனாங்கன்னாரு. எனக்கு வந்த கோபத்துல பாதி என் மேலயேதான்.

கோட்டைப் பையில போட்டுக்கிட்டு மறுநாளே போனேன். இதுவரைக்கும் நான் தேடிப் பிடிச்ச ஆளுங்க எல்லாரும் சுவத்துல போட்டோவாத்தான் இருந்தாங்க. இவரு கதவைத் திறந்தாரு. நெட்டையான வயசானவர், வலது கை மட்டும் தொங்கிட்டு இருந்துச்சு. உயிரோட இருக்கிற ஆளு கோட்டைத் திருப்பிக் கேட்டா என்ன பண்றது? பேசாம திரும்பிடலாமான்னுகூட நினைச்சேன். அதுக்குள்ள அவர் பையிலேர்ந்து எட்டிப் பார்த்த ஜரிகையைப் பார்த்துட்டாரு.

உள்ள கூட்டிட்டுப் போனாரு. கோட்டை மடியில வச்சு இடது கையால தடவிக்கிட்டே இருந்தாரு. என் அலமாரியைப் பத்தியும் தையல் கடையா அலைஞ்சதையும் சொல்லிட்டு, வாள் சண்டையைப் பத்திக் கேட்டேன். "வாளா? பேண்டுக்குத் தாளம் காட்டுற குச்சியை ஓங்கி ஓங்கிக் கிழிஞ்சதும்மா. ஒவ்வொரு அணிவகுப்புக்கும் கிழியும், என் வீட்டுக்காரி திட்டிக்கிட்டே தைப்பா"ன்னாரு. டீ எடுத்துட்டு வந்த அவரோட வீட்டம்மா கோட்டைப் பார்த்ததும் அப்படியே நின்னுட்டாங்க.

"வீடு மாத்தும்போது வண்டியிலேர்ந்து எங்கேயோ விழுந்துடுச்சும்மா. உனக்கு எப்படிக் கிடைச்சுது?"ன்னு கேட்டாரு அவர்.

அந்தம்மா என்னையே பார்த்தாங்க. எனக்குப் பொய் சொன்னா பிடிக்காது, சொல்லவும் வராது. இருந்தாலும் அந்த முகத்தைப் பார்த்துட்டு உண்மையைச் சொல்ல மனசு வரல. "ரோட்டோரமா கிடந்துச்சாம் ஐயா, கடைக்காரர் சொன்னாரு"ன்னு ஜன்னலைப் பார்த்துக்கிட்டு சொன்னேன்.

"இவளும் இப்படித்தான் ஜன்னலைப் பார்த்துக்கிட்டு சொன்னா"ன்னாரு.

அந்தம்மா தட்டை வச்சுட்டு உக்காந்துட்டாங்க. "உங்களுக்குத் தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும். கை விழுந்ததுலேர்ந்து சோறு தண்ணி இல்லாம இது முன்னாடியே உக்காந்திருந்தேனே. நீ இதைக் கொண்டு போனப்புறம்தான் நான் எழுந்து பால்கனி வரைக்கும் நடந்தேன். தெரியும்னு சொன்னா நீ அழுவே. அதான் சொல்லல."

"அட மனுஷா, அந்த வண்டிக்காரனை இத்தனை வருஷமா வாய் வலிக்கத் திட்டுறேனே."

"நல்லாத்தான் இருந்துச்சு. தாளம் தப்பாம திட்டுவே."

அந்தம்மா முந்தானையால கண்ணைத் துடைச்சாங்க, அதோட சிரிச்சாங்க. அவர் கோட்டை என்கிட்ட நீட்டினாரு. "நீ எடுத்துட்டுப் போம்மா. அவ்வளவு அலைஞ்சிருக்க. எனக்கு இது வேண்டாம்." நான் நினைச்சது நடந்துடுச்சு. அவர் மனசு மாறுறதுக்குள்ள கிளம்பிடணும்னு அவசர அவசரமா மடிச்சுப் பையில வச்சேன். அலமாரியோட நடு இடத்துல அது எப்படி இருக்கும்னு யோசிச்சுக்கிட்டே படி இறங்கினேன்.

பாதிப் படியில பின்னாடி செருப்புச் சத்தம். அந்தம்மா மூச்சு வாங்க வந்தாங்க. என் பையைப் பார்த்தாங்க. அப்புறம் மெதுவா, "வேண்டாம்னு வாயிலதான் சொல்றாரும்மா. கொடுக்கும்போது கையை எடுக்கவே இல்ல, நீ பார்த்தியா?"ன்னாங்க.

பார்த்தேன்தான். பார்க்காத மாதிரி மடிச்சேன். எனக்கு அழுகையா வந்துச்சு. இவ்வளவு அழகான கோட்டு இனிமே எங்க கிடைக்கும்? பையோடயே அவங்க கையில கொடுத்துட்டேன். கொடுத்ததும் மனசு லேசாயிடுச்சு. அது எப்படின்னு எனக்கே புரியல.

அவங்க ஏறிப் போய்க் கதவைத் தட்டினாங்க. உள்ளேயிருந்து "யாரு?"ன்னு அவர் குரல் கேட்டுச்சு.

"நான்தான், திறங்க. இந்தத் தடவை நானே கொண்டு வந்திருக்கேன்."