மேற்கே போன கட்டடம்

புதுச்சேரி கோரிமேட்டில் காண்டிராக்டர் தணிகாசலம் கட்டிக்கொண்டிருந்த மூன்று மாடி விடுதி, ஒரு புதன்கிழமை காலை, ஆட்கள் டீ குடித்து முடித்த நேரத்தில், இருந்த இடத்தை விட்டு மேற்கே நகர்ந்து தமிழ்நாட்டுக்குள் போய் நின்றுகொண்டது. அதிக தூரம் ஒன்றும் இல்லை. தன் அகலத்துக்கு ஓர் அகலம், அதற்கு மேல் கொசுறாகக் கொஞ்சம். பிரெஞ்சுக்காரன் நட்டுவைத்த எல்லைக்கல் அதுவரை கட்டடத்துக்குப் பின்னால் இருந்தது, இப்போது வாசலுக்கு முன்னால் வந்துவிட்டது. சத்தம் என்று பார்த்தால் பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடுகிற அளவுக்குத்தான் இருந்ததாம். மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் தளும்பவில்லை. உள்ளே டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் நகர்ந்தது தெரியாமல் அடுத்த டைல்ஸை எடுத்து ஒட்டினார்கள். வெளியே ஓர் ஆள் விழுந்த சத்தம் கேட்டு ஓடிவந்த பிறகுதான், முன்னால் இருந்த வேப்பமரம் தூரமாய்ப் போய்விட்டதைப் பார்த்தார்கள். விழுந்தது சித்தாள் சின்னப்பொண்ணு.

கட்டடம் ஏன் போயிற்று என்று கேட்டால் ஊரில் எல்லாரும் கோர்ட்டைத்தான் கைகாட்டுவார்கள். அதற்குச் சில மாதம் முன்னால் புதுச்சேரி அரசு ஓர் ஆணை போட்டிருந்தது. கட்டட வேலைக்கு வருகிறவர்களின் நாள்கூலி இவ்வளவுக்குக் கீழே போகக் கூடாது, மேஸ்திரி கூட்டிவந்த ஆளாக இருந்தாலும் காண்டிராக்டரே பொறுப்பு, ஒவ்வோர் ஆளுக்கும் நலவாரியத்தில் பங்கு கட்ட வேண்டும், வேலையில் கைகால் போனால் மாதாமாதம் உதவித்தொகை உண்டு என்று அதில் இருந்தது. காண்டிராக்டர்கள் சங்கம் சென்னைக்குப் போய் வழக்குப் போட்டது. இப்படி ஆணை போட அரசுக்கு அதிகாரமே இல்லை என்றார்கள். எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சிமெண்டு ஒரே விலை, ஜல்லி ஒரே விலை, ஆளுக்கு மட்டும் ஏன் இரண்டு விலை என்றார்கள். நாங்கள் ஏற்கெனவே எல்லாம் செய்கிறோம், இரண்டு வேளை டீ, பன், தளம் போடுகிற அன்றைக்குக் கோழி பிரியாணி என்றும் மனுவில் எழுதியிருந்தார்கள். தளம் போடாத நாளில் ஒருத்தருக்குக் கால் ஒடிந்தால் என்ன செய்வீர்கள் என்று நீதிபதி கேட்டாராம். பதில் மனு போட அவகாசம் வாங்கினார்கள். அதுவரைக்கும் இந்த ஆணை புதுச்சேரி எல்லைக்குள் நிற்கிற கட்டடங்களுக்கு மட்டும் பொருந்தும் என்று ஓர் இடைக்கால உத்தரவு வந்தது. வந்தது திங்கட்கிழமை. கட்டடம் போனது புதன்கிழமை. நடுவில் செவ்வாய்க்கிழமை என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது.

தணிகாசலம் மில் தொழிலாளியின் மகன். மில் மூடிய வருடம் கையாளாகக் கலவை குழைக்க வந்து, கொத்தனாராகி, மேஸ்திரியாகி, பிறகு காண்டிராக்டர் ஆனவர். கட்டடத்தை நான் நகர்த்தவில்லை என்று சூடம் கொளுத்தி அடித்துச் சத்தியம் செய்தார். அதை ஊர் நம்பியது. அவர் போகச் சொல்லவில்லைதான், போனதை வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார், சுவர் ஒரு நூல் பிசகவில்லை. அந்த வாரமே தமிழ்நாட்டுக் கூலி போட்டார். ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டே எல்லைக்கல்லைத் தாண்டி வேலைக்குப் போனார்கள்.

சின்னப்பொண்ணு அவர் கொத்தனாராக இருந்த காலத்திலிருந்து அவருக்குச் சித்தாள். அவர் காண்டிராக்டர் ஆன பிறகும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவாள். அன்றைக்குக் கட்டடத்தில் மூன்று பக்கம் பூச்சு முடிந்து கிழக்குப் பக்கம் மட்டும் பாக்கி. அந்தப் பக்கம் சவுக்குக் கம்பு நட்டுச் சாரம் கட்டி, மேலே பச்சை வலை போர்த்தியிருந்தது. இரண்டாம் மாடியில், ஒரு காலைச் சாரத்துப் பலகையிலும் ஒரு காலை ஜன்னலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த சன்ஷேடிலும் வைத்து, சுவரில் ஒருக்களித்துச் சாய்ந்தபடி அவள் கலவைச் சட்டியை மேலே கொத்தனாருக்குத் தூக்கிக்கொடுத்தாள். சாய்ந்திருந்த சுவர் போய்விட்டது. சாரம் போகவில்லை, அது கட்டடத்தோடு சேர்ந்ததில்லை, பாவாடை என்கிற கம்புக்காரரிடமிருந்து வாடகைக்கு வந்தது. சுவர் இருந்த வெற்றிடத்துக்குள் அவள் தலைகீழாக விழவில்லை, நின்றவாக்கில் விழுந்தாள், அதனால் உயிர் இருந்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கிப்போயிற்று.

பெரிய ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். பலகையிலேயே வைத்துத் தூக்கிப்போனார்கள். கம்பி வைத்துச் சரிசெய்தார்கள். இனிமேல் நடக்கலாம், சுமை தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். சுமை தூக்காத சித்தாளுக்கு என்ன வேலை இருக்கிறது என்பதை டாக்டரிடம் கேட்க முடியாது. வீட்டில் வேறு சம்பாத்தியம் இல்லை. மகள் இனியா லாஸ்பேட்டையில் காலேஜில் இரண்டாம் வருடம் படித்தாள். அம்மாவிடம் சொல்லாமல் அவள் ஒரு வாரம் காலையில் டிபன் பாக்ஸோடு கூலிக்கு ஆள் நிற்கிற முனையில் போய் நின்றிருக்கிறாள். விரல் இடுக்கில் சிமெண்டு தின்ற புண்ணைப் பார்த்துச் சின்னப்பொண்ணு கண்டுபிடித்தாள். உதவித்தொகை வந்தால் பெண் வகுப்புக்குத் திரும்புவாள், வராவிட்டால் அந்தச் சட்டி அவள் தலைக்கு மாறும். அவ்வளவுதான் விஷயம்.

உதவித்தொகை வரவில்லை. புதுச்சேரி வாரியத்தில், கட்டடம் தமிழ்நாட்டில் இருக்கிறது என்றார்கள். தமிழ்நாட்டு வாரியத்தில், விழுந்தது புதுச்சேரி மண்ணில் என்றார்கள். இரண்டு பேரும் மரியாதையாகத்தான் சொன்னார்கள், உட்கார நாற்காலி கூடக் கொடுத்தார்கள். கட்டடத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் அவள் பேரையும் சென்னை வழக்கில் சேர்த்தார்கள். அங்கே காண்டிராக்டர்களின் வக்கீல் ஒரு புது வாதம் வைத்தார். விழுந்த இடம் முக்கியமல்ல, விழத் தொடங்கிய இடம்தான் முக்கியம். ஒடிந்த கால் எதன் மேல் இருந்தது? சாரத்தின் மேல் இருந்திருந்தால் அந்தக் கால் புதுச்சேரியில் வேலை செய்தது. சன்ஷேடின் மேல் இருந்திருந்தால் அது கட்டடத்தோடு எல்லை தாண்டிய கால். கேட்டவர்கள் யாரும் சிரிக்கவில்லை. நீதிபதியே அதைக் குறித்துக்கொண்டாராம்.

இதற்கிடையில் தணிகாசலம் ஆர்லிக்ஸும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு அவளைப் பார்க்கப் போனார். அவள்தான் முதலில் பேசினாள்.

"கட்டடம் போற போக்குல சாரத்தை வுட்டுட்டுப் போயிடுச்சே மேஸ்திரி. பாவாடைக்குக் கம்பு வாடகை ஏறிக்கினு இருக்குமே."

அவர் கட்டில் காலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "நான் கைக்காசுல குடுக்கறேன் சின்னப்பொண்ணு. உனுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப்போறேன். சட்டப்படி குடுன்னு மட்டும் கேக்காத. உனுக்குக் குடுத்தா எல்லாருக்கும் குடுக்கணும்."

"கைக்காசு உங்க கை இருக்கற வரைக்கும்தான மேஸ்திரி."

சாத்துக்குடியை அவள் வாங்கிக்கொண்டாள். அவர் கட்டில்மேல் வைத்த பணத்தைத் திருப்பி அவர் சட்டைப் பையில் வைக்கச் சொல்லி இனியாவிடம் கண்ணைக் காட்டினாள்.

இடத்தைப் பார்த்து அளந்துவர, கலைமகள் என்கிற வக்கீல் பெண்ணை நீதிமன்றம் அனுப்பியது. கதிர்காமத்துப் பெண், ஸ்கூட்டரில் டேப்போடு வந்தாள். எல்லைக்கல்லிலிருந்து சாரத்துக்கும் சாரத்திலிருந்து கட்டடத்துக்கும் அளந்தாள். கிழக்குச் சுவரில் ஒரு ஜன்னலுக்குச் சன்ஷேடு இல்லாததைப் பார்த்து, அது எங்கே என்று கேட்டாள். ஒடிந்து விழுந்திருக்கும் என்றார்கள். கட்டடம் எப்படிப் போயிற்று என்றே தெரியாதவர்களுக்குச் சன்ஷேடு எங்கே போயிற்று என்று தேட நேரமில்லை. அங்கிருந்து அவள் சின்னப்பொண்ணு வீட்டுக்குப் போனாள். தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் முதல் நாளே வந்து, இடது கால் பலகையில் இருந்தது என்று சொல்லிவிடு, மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்.

"எந்தக் கால் பலகை மேல இருந்துச்சுக்கா?"

"வலது காலு பலகையில. இடது காலு சன்ஷேடு மேல."

கலைமகள் பேனாவை மூடிவிட்டாள். நல்லா யோசிச்சு சொல்லுங்க, அவசரமில்லை என்று சொல்லித் தண்ணீர் கேட்டாள். தண்ணீர் குடித்தாள். பிறகு மறுபடி பேனாவைத் திறந்தாள். சின்னப்பொண்ணு அதே பதிலைச் சொன்னாள்.

கலைமகள் போன பிறகு இனியா அம்மாவோடு சண்டை போட்டாள். ஒரு காலை மாத்திச் சொன்னா என்னாம்மா, யார் பார்த்தாங்க என்றாள். சின்னப்பொண்ணு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னாள்: "எந்தக் காலு எங்க இருக்குதுன்னு பாத்துப் பாத்துதான் இத்தினி வருசம் உசுரோட எறங்கி வந்தேன். அத மாத்திச் சொல்ல வாய் வரல." பிறகு இன்னொன்றும் சொன்னாள்: "இதால நீ படிக்க முடியாமப் போவும்னு தெரிஞ்சுதான் சொன்னேன். திட்டறதுன்னா திட்டு." மறுநாள் காலை இனியா டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனாள். அதன் பிறகு அவள் சொல்லாமல் போகவேண்டிய அவசியம் இல்லை.

சாரத்தின் சொந்தக்காரர் பாவாடை. சாட்சிப் பொருள் என்று அவருடைய கம்புகளை நீதிமன்றம் எட்டு மாதம் பிரிக்க விடவில்லை. காற்றுக்கும் மழைக்கும் சாரம் அப்படியே நின்றது. பச்சை வலை கிழிந்து, உள்பக்கமும் வெளிப்பக்கமும் கம்புகளை மூடித் தொங்கியது. போட்டோ எடுத்தாயிற்று, பிரித்துக்கொள்ளலாம் என்று உத்தரவு வந்த அன்றைக்கு அவர் மேலே ஏறினார். உச்சியிலிருந்து ஒவ்வொரு கயிறாக அவிழ்த்துக் கம்பைக் கீழே இறக்கினார். முப்பது வருடத்துப் பழக்கம், கை கயிற்றில் இருக்கும், கால் தானாக நிற்க இடம் தேடிக்கொள்ளும். வலையையும் உருவிக் கீழே போட்டார். கடைசிக் கம்பு கீழே போன பிறகு, கீழே நின்ற ஆட்கள் எல்லாரும் அண்ணாந்து பார்ப்பதைக் கண்டு என்னவென்று கேட்டார். அவர் ஒரு சன்ஷேடின் மேல் நின்றுகொண்டிருந்தார். அதற்குச் சுவர் இல்லை, ஜன்னல் இல்லை, கீழே தூண் இல்லை. கட்டடம் இருந்தபோது இரண்டாம் மாடியில் எந்த உயரத்தில் இருந்ததோ அந்த உயரத்தில், மேல்பக்கம் பூசி, அடிப்பக்கம் பூசாமல், அது ஆகாயத்தில் இருந்தது. பாவாடை குனிந்து பார்த்தார். உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டுக்கொண்டார். ஏணி எடுத்துவரச் சொன்னார்.

கட்டடம் ஏன் அதை மட்டும் விட்டுப்போயிற்று என்பதற்குப் பல காரணம் சொன்னார்கள். உள்ளே கம்பி சரியாகப் பின்னவில்லை என்று ஒரு இஞ்சினியர் சொன்னார். பாவாடை சொன்னதுதான் ஊரில் நின்றது. "ஆளு நிக்கிதில்ல அது மேல. எப்படி எடுத்துக்கினு போவும்?" சுவர் ஏன் அந்த யோசனை இல்லாமல் போயிற்று என்று கேட்டதற்கு, சுவரின் மேல் அவள் சாய்ந்துதான் இருந்தாள், நிற்கவில்லையே என்றார்.

கலைமகள் மறுபடி ஸ்கூட்டரில் வந்தாள். ஏணி போட்டு ஏறி, சன்ஷேடின் நான்கு மூலையிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டாள். நான்கும் எல்லைக்கல்லுக்குக் கிழக்கே, புதுச்சேரி மண்ணில் வந்து நின்றன. காண்டிராக்டர்களின் வக்கீல் விடவில்லை. உத்தரவில் எல்லைக்குள் நிற்கிற கட்டடம் என்றுதான் இருக்கிறது, இது நிற்கவில்லை, தொங்குகிறது என்றார். புதுச்சேரி எவ்வளவு உயரம் வரைக்கும் புதுச்சேரி என்று நினைக்கிறீர்கள் என்று நீதிபதி கேட்டார். வக்கீல் அதற்கும் அவகாசம் கேட்டார், இந்தத் தடவை கிடைக்கவில்லை.

தீர்ப்பு நீளமானது. ஆணை போட அரசுக்கு அதிகாரம் உண்டு, பக்கத்தில் குறைவாகக் கொடுக்கிறார்கள் என்பது இங்கே குறைப்பதற்குக் காரணம் ஆகாது, பிரியாணி சலுகையே தவிர சட்டம் கேட்கிற பலன் ஆகாது என்று அதில் சொல்லியிருந்தது. புதுச்சேரியில் அஸ்திவாரம் போட்ட கட்டடம் பிறகு எங்கே போனாலும் அதன் ஆட்களுக்குப் புதுச்சேரிக் கூலிதான் என்றும் ஒரு வரி இருந்தது. சின்னப்பொண்ணைப் பற்றிக் கடைசியில் ஒரு பத்தி. அவள் உண்மை சொன்னாள், இடது கால் கட்டடத்தின் மேல்தான் இருந்தது, ஆனால் அவள் காலுக்குக் கீழே இருந்த கட்டடம் புதுச்சேரியை விட்டுப் போகவே இல்லை. அடுத்த மாதத்திலிருந்து உதவித்தொகை வந்தது. இனியா ஒரு வருடம் பின்தங்கி, தன்னைவிடச் சின்னவர்களோடு உட்கார்ந்து படித்தாள். விரலில் தழும்பு மட்டும் இருக்கிறது.

கட்டடம் திரும்பி வரவில்லை. நோயாளிகளோடு வருகிறவர்கள் தங்கும் விடுதியாக அங்கேயே நடக்கிறது. கிழக்குப் பக்கம் இரண்டாம் மாடியில் ஓர் அறைக்கு மழையில் சாரல் அடிக்கும், அதற்கு வாடகை குறைவு. காண்டிராக்டர்கள் சங்கம் மேல்முறையீடு செய்யலாமா என்று கூட்டம் போட்டபோது தணிகாசலம் போகவில்லை. சின்னப்பொண்ணு கோலூன்றி அந்தப் பக்கம் வரும்போதெல்லாம், சன்ஷேடுக்கு அடிப்பக்கம் பூசாம வுட்டிருக்கீங்களே மேஸ்திரி, பாக்கறவங்க உங்க பேரைத்தான சொல்லுவாங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பாவாடையிடம் சொல்லிச் சாரம் கட்டினார். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆளுக்கு இரட்டைக் கூலி என்று புது ஆணையில் இருந்தது. அதனால் ஆள் வைக்காமல் தானே கலவை குழைத்து, தானே சட்டியைத் தலையில் வைத்து, மூன்று தடவை இளைப்பாறி மேலே ஏறிப் பூசினார். சின்னப்பொண்ணு கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, எங்கே குழி விழுந்திருக்கிறது என்று கோலால் காட்டினாள்.

சன்ஷேடு இன்றைக்கும் இருக்கிறது. காலையில் அதன் நிழல் தமிழ்நாட்டுப் பக்கம் விழுகிறது, மதியம் சாய்ந்த பிறகு புதுச்சேரிப் பக்கம் வந்துவிடுகிறது. ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கிவிட்டுக் காத்திருக்கிறவர்கள் பையையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு, எல்லைக்கல்லைச் சுற்றி அதோடு கூடவே நகர்ந்து உட்காருகிறார்கள். நிழல் யாருடையது என்று இதுவரை யாரும் வழக்குப் போடவில்லை.